அக்னிவீர் தம்பிக்குக் கையில் 21,000 தான் ஏறுகிறது, மீதி எங்கே?

தென்காசி அக்கா:

தம்பி ராணுவத்தில் அக்னிவீர், அதாவது நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கும் புதிய முறை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சி முடிந்து, உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடும் ஆகிவிட்டது. அடுத்த மாதம் யூனிட்டில் ரிப்போர்ட் பண்ண வேண்டும். சம்பளம் 30,000 என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் பாங்க் கணக்கில் ஏறுவது 21,000. எங்கள் தெருவிலேயே 2019-இல் சேர்ந்த சிப்பாய் ஒருவருக்குப் பிடித்தம் எல்லாம் போக 45,000 வருகிறதாம். "பையனை ஏமாற்றுகிறார்களோ" என்று அப்பா தினமும் கேட்கிறார்.

பிடிக்கிற 9,000 எங்கே போகிறது, அவசரத்துக்கு நடுவில் எடுக்க முடியுமா? டி.ஏ. (அகவிலைப்படி) எப்போது சேரும்? பீல்டில், அதாவது ஆபத்தோ சிரமமோ உள்ள இடத்தில் போட்டால் தனி அலவன்ஸ் உண்டு என்கிறார்களே, அதற்கு அவன் ஏதும் எழுதிக் கொடுக்க வேண்டுமா? வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் அப்பாவிடம் காட்டிவிடுவேன்.

---

பாளை ராஜு:

டி.ஏ. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏறும் அக்கா. பயிற்சி முடிந்ததும் அவனுக்கும் சேர்த்துப் போடுவார்கள், கவலை வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை:

ராஜு சொன்னது சரியில்லை. அக்னிவீருக்கு டி.ஏ. கிடையாது. பயிற்சிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான், ஏனென்றால் குழப்பம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

பழைய முறை சிப்பாயின் சம்பளம் பல துண்டுகள் சேர்ந்தது: அடிப்படைச் சம்பளம், ராணுவச் சேவைக்கான எம்.எஸ்.பி., இரண்டின் மேலும் டி.ஏ., அப்புறம் மற்ற அலவன்ஸ்கள். அக்னிவீருக்கு 2022 ஜூனில் திட்டம் அறிவித்தபோதே நான்கு ஆண்டுக்கும் நான்கு தொகையை நிர்ணயித்துவிட்டார்கள். அதன் மேல் டி.ஏ.வும் இல்லை, எம்.எஸ்.பி.யும் இல்லை, ஆண்டு இன்கிரிமென்ட்டும் இல்லை. அதனால் அரசு டி.ஏ. உயர்த்தியது என்று செய்தி வந்தால் தம்பியின் கணக்கில் ஒரு ரூபாய் கூட மாறாது.

அந்த நான்கு தொகை:

முதல் ஆண்டு 30,000. கையில் 21,000, நிதிக்கு 9,000.
இரண்டாம் ஆண்டு 33,000. கையில் 23,100, நிதிக்கு 9,900.
மூன்றாம் ஆண்டு 36,500. கையில் 25,550, நிதிக்கு 10,950.
நான்காம் ஆண்டு 40,000. கையில் 28,000, நிதிக்கு 12,000.

இங்கே ஆண்டு என்பது அவன் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணுவது. ஏப்ரலோ ஜனவரியோ அல்ல. பயிற்சிக் காலமும் நான்கு ஆண்டுக்குள்தான் அடங்கும். சேர்ந்த தேதி மாத நடுவில் இருந்தால் ஆண்டு மாறும் மாதத்தில் சம்பளம் பாதி பழைய தொகை, பாதி புதிய தொகையாக வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பிடிக்கிற 30 சதவீதம் அக்னிவீர் கார்ப்பஸ் ஃபண்டுக்குப் போகிறது. நான்கு ஆண்டில் அவன் பங்கு 5,02,200 ரூபாய். அதே அளவு அரசும் போடும். ஆக 10,04,400. இதற்கு பி.பி.எஃப். அளவில் வட்டி உண்டு. வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்று அரசே கணக்குக் காட்டியிருக்கிறது. இதற்குத்தான் சேவா நிதி என்று பெயர். நான்கு ஆண்டு முடித்து வெளியே வரும்போது மொத்தமாகக் கிடைக்கும், அந்தத் தொகைக்கு வரி கிடையாது. பழைய ஆட்களின் ஏ.எஃப்.பி.பி. ஃபண்ட் (ராணுவத்தினரின் சேமநல நிதி) போல வீட்டுச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் முன்பணம் எடுக்கும் ஏற்பாடு இதில் இல்லை. 21,000-க்குள்தான் வாழ்க்கையை வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாடும் தங்குமிடமும் யூனிட்டில் இருப்பதால் அது முடியாத காரியமும் இல்லை.

---

ராணிப்பேட்டை:

தெருவில் இருக்கும் அந்தச் சிப்பாயின் கணக்கையும் போட்டுவிடலாம், அப்பா நம்புவார்.

ஏழாவது ஊதியக் குழுவில் சிப்பாய் லெவல் 3. தொடக்கம் 21,700. ஆண்டுக்கு 3 சதவீத இன்கிரிமென்ட், ஜனவரி 1 அல்லது ஜூலை 1-இல். அட்டவணைப்படி 22,400, 23,100, 23,800, 24,500, 25,200, 26,000 என்று ஏறும். 2019-இல் சேர்ந்தவர் நாயக்காகப் பதவி உயராமல் சிப்பாயாகவே இருந்தாலும் 2025 ஜூலையில் 26,000-இல் இருப்பார்.

அடிப்படை 26,000
எம்.எஸ்.பி. 5,200
இரண்டும் சேர்ந்து 31,200. அதன் மேல் டி.ஏ. 58 சதவீதம் (2025 ஜூலை 1-இல் இருந்த விகிதம்): 18,096
போக்குவரத்து அலவன்ஸ் 1,800, அதன் மேலும் டி.ஏ.: 2,844

மொத்தம் 52,140. இதில் ஏ.எஃப்.பி.பி. ஃபண்டுக்குக் குறைந்தது 6 சதவீதம், ராணுவக் குழுக் காப்பீட்டுக்கு மாதச் சந்தா என்று பிடித்தம் போனால் 45,000 பக்கத்தில் நிற்கும். அவர் சொன்னது பொய்யில்லை. எம்.எஸ்.பி. இன்கிரிமென்ட்டோடு ஏறாது, 5,200-இலேயே நிற்கும். ஆனால் டி.ஏ.வுக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கில் வரும்.

சென்னை, கோயம்புத்தூர் போன்ற 19 பெரிய நகரங்களில் போஸ்டிங் என்றால் போக்குவரத்து அலவன்ஸ் 1,800-க்குப் பதில் 3,600. டிப்ளமா படித்து டெக்னிகல் பிரிவில் எக்ஸ் குரூப் என்றால் மாதம் 6,200 தனி. அதனால் பழைய ஆட்களிலேயே ஒரே வருடம் சேர்ந்த இரண்டு பேருக்கு 10,000 வரை வித்தியாசம் வரும். அதை வைத்துக்கொண்டு தம்பி சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

---

குன்னூர் மூடுபனி:

பீல்ட் அலவன்ஸ் கேள்விக்கு வருகிறேன். அக்கா கேட்டதில் இதுதான் கையில் பணமாக மாறக்கூடியது, கோட்டைவிடுகிற இடமும் இதுதான்.

அக்னிவீருக்கு டி.ஏ. இல்லாவிட்டாலும் நான்கு அலவன்ஸ்கள் உண்டு: ரிஸ்க் அண்ட் ஹார்ட்ஷிப், ரேஷன், டிரெஸ், பயணம். முதலாவதுதான் பீல்ட் அலவன்ஸ். இடத்தின் ஆபத்தையும் சிரமத்தையும் பொறுத்துத் தொகை மாறும். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-இல் நிர்ணயித்தபோது ஜவான்களுக்குச் சாதாரண பீல்ட் ஏரியா 6,000-இல் தொடங்கியது, உயரமான மலைப் பகுதிக்கு 2,700-இல் தொடங்கியது, சியாச்சினுக்கு 30,000. டி.ஏ. 50 சதவீதத்தைத் தொடும்போது இந்தத் தொகைகள் 25 சதவீதம் உயரும் என்று அப்போதே எழுதியிருந்தார்கள். சியாச்சின் கிளேசியரில் நிற்கும் முதலாண்டு அக்னிவீருக்கு அலவன்ஸ் சம்பளத்தைத் தாண்டிவிடும் என்பது இதனால்தான். பீஸ் ஸ்டேஷனில், அதாவது பீல்ட் அல்லாத சாதாரண இடத்தில் போட்டால் இந்தத் தொகை பூஜ்யம்.

இதற்கு அவன் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. வேலை நடப்பது பார்ட் டூ ஆர்டர் மூலம். ஜவானுக்கு நடக்கும் ஒவ்வொரு மாற்றமும், யூனிட்டில் சேர்ந்தது, பீல்டுக்குள் போனது, வெளியே வந்தது, கோர்ஸ், லீவு, பிரமோஷன் எல்லாமே, யூனிட் ஆபீஸ் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் பதிவாக வேண்டும். அது ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாகச் சம்பள அலுவலகமான பி.ஏ.ஓ.வுக்குப் போகும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்ட்ஸ், பி.ஏ.ஓ. இரண்டுமே வெலிங்டனில்தான். பி.ஏ.ஓ. ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொகை ஏறும். அவன் பனிமலையில் நிற்பது பி.ஏ.ஓ.வுக்குத் தெரியாது, ஆர்டர் மட்டும்தான் தெரியும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் இப்படி. சென்டரிலிருந்து புறப்பட்ட ஆர்டரில் ஒரு தேதி, யூனிட்டில் வந்து சேர்ந்த ஆர்டரில் அதோடு பொருந்தாத தேதி. அல்லது சென்டரின் ஆர்டர் இன்னும் ஏறவே இல்லை, அதற்குள் யூனிட் ஆர்டர் போய்விட்டது. முந்தைய கண்ணி இல்லாமல் பிந்தையதை பி.ஏ.ஓ. ஏற்காது, திருப்பி அனுப்பும். சம்பளம் வழக்கம்போல வந்துகொண்டே இருப்பதால் பையன்கள் கவனிப்பதில்லை. நாலைந்து மாதம் கழித்து "எனக்கு ஏன் பீல்ட் அலவன்ஸ் ஏறவில்லை" என்று கேட்கும்போது சம்பந்தப்பட்ட கிளார்க்கே வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

தம்பி செய்ய வேண்டியது: யூனிட்டில் சேர்ந்த தேதி, பீல்ட் ஏரியாவுக்குள் நுழைந்த தேதி இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் கழித்து யூனிட் கிளார்க்கிடம் பார்ட் டூ ஆர்டர் எண்ணும் தேதியும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ராணுவத்தினருக்கான ஹம்ராஸ் ஆப்பில் மாதச் சம்பளச் சீட்டைப் பார்க்கட்டும். அதற்கடுத்த மாதச் சீட்டிலும் அலவன்ஸ் இல்லையென்றால் "ஆர்டர் போட்டாச்சா" என்று கேட்கக் கூடாது. போட்டாச்சு என்றுதான் பதில் வரும். "பி.ஏ.ஓ. ஏற்றுக்கொண்டதா, திரும்பியதா, திரும்பியிருந்தால் காரணம் என்ன" என்று கேட்க வேண்டும். திருத்தி மறுபடி வெளியிட்டால் உரிய தேதியிலிருந்து அரியர்ஸோடு வந்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பீல்டிலிருந்து பீஸ் ஸ்டேஷனுக்கு வந்த பிறகும் ஆர்டர் தாமதமானால் அலவன்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும். அது அவன் பணமில்லை. ஆர்டர் போய்ச் சேர்ந்த மாதம் மொத்தத்தையும் சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். திடீரென்று ஒரு மாதம் 8,000 மட்டும் ஏறி வீட்டில் கலவரமாவது பெரும்பாலும் இதனால்தான். சம்பளச் சீட்டில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தால் அதைத் தொடாமல் வைப்பது நல்லது.

ரேஷன் யூனிட்டிலேயே சாப்பாடாகக் கிடைக்கும். லீவில் இருக்கும் நாட்களுக்குப் பணமாக வரும். அதுவும் லீவு ஆர்டர் ஏறிய பிறகுதான். அக்னிவீருக்கு ஆண்டுக்கு 30 நாள் லீவு. டிரெஸ் அலவன்ஸ் மாதாமாதம் வராது, ஆண்டுக்கு ஒரு முறை ஜூலைச் சம்பளத்தோடு வரும்.

இன்னொன்று, சம்பளச் சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு வாட்ஸாப் குரூப்பில் போடச் சொல்லாதீர்கள். அதில் ராணுவ எண், யூனிட் எல்லாம் இருக்கும். தொகையைப் போனில் சொன்னால் போதும்.

---

வரவுசெலவு:

வரி விஷயம். கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான், ஆனால் தாக்கல் செய்ய வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

அரசு போடும் பங்கும் வரிச் சட்டப்படி அவன் சம்பளமாகக் கணக்கில் வரும். பிறகு அதைக் கழித்துக்கொள்ளலாம், 2025-26 கணக்குக்கு அது 80சிசிஎச் பிரிவு. 2025-26 நிதியாண்டின் விகிதத்தில், புதிய வரி முறையில் முதல் ஆண்டுக் கணக்கு: சம்பளம் 3,60,000, அரசின் பங்கு 1,08,000, மொத்தம் 4,68,000. நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போனால் 3,93,000. இது வரி தொடங்கும் வரம்பான 4 லட்சத்துக்குள் இருப்பதால் தாக்கல் கட்டாயமில்லை. இரண்டாம் ஆண்டு: 3,96,000 + 1,18,800 = 5,14,800. நிலைக் கழிவு போக 4,39,800. 80சிசிஎச் கழிவுக்கு முன்னாலேயே 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்தாக வேண்டும். பீல்ட் அலவன்ஸ் வந்தால் முதல் ஆண்டிலேயே தாண்டலாம். அவனுடைய சேவை ஆண்டும் நிதியாண்டும் ஒன்றாக இருக்காது என்பதால் சம்பளமும் பிடித்தமும் காட்டும் ஃபார்ம் 16-ஐ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பலர் சறுக்கும் இடம்: அவன் சம்பளத்தில் பிடிக்கும் 30 சதவீதத்தையும் புதிய முறையில் கழிவாகப் போட்டுவிடுவது. புதிய முறையில் அரசின் பங்குக்கு மட்டும்தான் கழிவு. சொந்தப் பங்குக்குக் கழிவு வேண்டுமென்றால் பழைய முறைக்குப் போக வேண்டும், ஆனால் இந்த வருமானத்துக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆட்களிடம் போகாதீர்கள். வராத வரிக்கு ரீஃபண்ட் எங்கிருந்து வரும்?

---

தென்காசி அக்கா:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கணக்கைப் பார்த்ததும் அப்பா கொஞ்சம் அடங்கினார். இன்னும் இரண்டு சந்தேகம். நான்கு ஆண்டு முடிந்து ரெகுலரில் எடுத்துக்கொண்டால் 11 லட்சமும் கிடைத்து வேலையும் தொடருமா? அவன் பேரில் ஒரு பெர்சனல் லோன் போடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அது சரிப்படுமா?

---

கணக்குப்பிள்ளை:

இரண்டும் சேர்ந்து கிடைக்காது அக்கா. ரெகுலரில் தேர்வானால் அவன் போட்ட பங்கும் அதன் வட்டியும் மட்டும்தான் கொடுப்பார்கள், அரசின் பங்கு வராது. அதற்குப் பதிலாக மேலும் குறைந்தது 15 ஆண்டு வேலை, பழைய முறைச் சம்பளம், ஓய்வூதியம் என்று போகும். எடுத்துக்கொள்வது ஒரு பேட்சில் 25 சதவீதம் வரைதான் என்பதால் அதை நம்பி 11 லட்சத்தைச் செலவுக்குத் திட்டமிடவும் கூடாது, அது இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. நடுவில் சொந்த விருப்பத்தில் விலகினாலும் இதே விதிதான்: சொந்தப் பங்கும் வட்டியும் மட்டும். அதிலும் விலக எளிதில் அனுமதி கிடைக்காது.

நான்கு ஆண்டோடு வெளியே வந்தால் சேவா நிதி மட்டும்தான். கிராஜுவிட்டி இல்லை, மாத ஓய்வூதியம் இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை.

லோன்: மாதத் தவணையை 21,000 வைத்துக் கணக்கிடுங்கள், 30,000 வைத்து அல்ல. தவணைக் காலம் அவனுடைய நான்கு ஆண்டுக்குள் முடிய வேண்டும். சேவா நிதி வந்ததும் அடைத்துவிடலாம் என்று ஐந்து வருட லோன் போட்டால், வெளியே வந்து தொழிலோ படிப்போ தொடங்க இருக்கும் ஒரே முதல் வட்டிக்குப் போய்விடும். பீல்ட் அலவன்ஸைச் சேர்த்துத் தவணை போடுவது அதைவிட மோசம். போஸ்டிங் மாறினால் அந்தத் தொகை நின்றுவிடும், தவணை நிற்காது.

---

ராணிப்பேட்டை:

சம்பளக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாங்கில் எழுதிக் கொடுத்து டிஃபென்ஸ் சேலரி பேக்கேஜுக்கு மாற்ற வேண்டும். விபத்துக் காப்பீடு அந்த வகைக் கணக்குக்குத்தான். ஊரில் பத்தாம் வகுப்பு உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கையே கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

---

குன்னூர் மூடுபனி:

அதோடு நாமினேஷனும். அக்னிவீருக்கு 48 லட்சம் ஆயுள் காப்பீடு உண்டு, அதற்குச் சம்பளத்தில் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். பணியின் காரணமாக இறப்பு என்றால் 44 லட்சம் கருணைத் தொகை, மீதமுள்ள காலத்துக்கான சம்பளம், சேவா நிதி எல்லாம் சேரும். இது யாருக்குப் போகும் என்பது ராணுவப் பதிவில் இருக்கும் நாமினியைப் பொறுத்தது. பாங்க் கணக்கின் நாமினி வேறு, இது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆதாரில் அம்மா பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் ராணுவப் பதிவிலும் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்க்கட்டும். இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் என்று இருந்தால் இப்போதே திருத்த ஆர்டர் போடச் சொல்லலாம். யூனிட்டில் சேர்ந்த முதல் மாதத்தில் எப்படியும் டாக்குமென்ட் செக் நடக்கும், அப்போது சொன்னால் வேலை சுலபம்.